பள்ளி தந்த ஐ.இ.பி. தாளில் கையெழுத்துப் போடலாமா?

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய மகளுக்கு 9 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் 4ஆம் வகுப்பு படிக்கிறாள். அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று அடையாள அட்டை வாங்கியிருக்கிறார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியர் வந்து போகிறார். போன மாதம் ‘ஐ.இ.பி.’, அதாவது தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அதில் இருந்தது நான்கே வரி: “கணக்கில் முன்னேற்றம் காண்பாள். தமிழ் வாசிப்பு மேம்படும். வகுப்பில் அமைதியாக உட்காருவாள். தன் வேலைகளைத் தானே செய்துகொள்வாள்.”

இவர் கையெழுத்துப் போடவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார், “ஐ.இ.பி. என்பது சட்டப்படியான ஒப்பந்தம், இலக்கு நிறைவேறாவிட்டால் கேஸ் போடலாம்” என்று சொல்லி, இணையத்திலிருந்து மாதிரி இலக்குகளை எடுத்து அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து, 4ஆம் வகுப்புப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்தத் தாய் 26 இலக்குகள் எழுதிவிட்டார். ஒவ்வொன்றின் முடிவிலும் “80 சதவீதம் சரியாகச் செய்வாள்.” தலைமையாசிரியையிடம் காட்டியதற்கு, “இதெல்லாம் இங்கே நடக்காதும்மா, அடுத்த வருஷம் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. கணவரோ, “டீச்சருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டுக் கொடு” என்கிறார். கையெழுத்துப் போடலாமா, வழக்குப் போட முடியுமா, சின்ன இலக்கு வைத்தால் பிள்ளையை நானே கைவிட்டது போல ஆகாதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு வரித் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் எழுதிய 26 இலக்குகளையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். இரண்டு தாள்களிலும் குறை ஒன்றுதான். உங்கள் மகள் இன்றைக்கு என்ன செய்கிறாள் என்பது இரண்டிலுமே இல்லை. புறப்படும் இடத்தைக் குறிக்காமல் இலக்கு எழுதினால், ஆறு மாதம் கழித்து அவள் நகர்ந்திருக்கிறாளா இல்லையா என்று பள்ளியாலும் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் அதை எழுதாமல் இல்லை. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: “100 வரை கடகடவென்று சொல்லுவாள், ஆனால் நாலு தட்டு எடுத்து வா என்றால் கையில் வந்ததை அள்ளிக்கொண்டு வருவாள்.” பள்ளியின் நான்கு வரிகளையும்விட இந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்கிறது. எண்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பது வேறு, பொருளைத் தொட்டு எண்ணுவது வேறு. முதலாவது அவளுக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. இந்த நிலையில் உங்கள் பட்டியலில் உள்ள “கடன் வாங்கிக் கழித்தல்” கணக்கை அவள் முன் வைத்தால், ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுதுவாள். நோட்டு நிறையும், டிக் விழும். தட்டு மட்டும் எண்ணி வராது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை போட்டு அவள் முன் வையுங்கள். “மூணு கொடு” என்று கேளுங்கள். அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. திருத்தாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறாளா, அல்லது வாய் வேகமாகவும் கை மெதுவாகவும் போகிறதா? கேட்ட எண் வந்ததும் நிறுத்துகிறாளா, கிண்ணம் காலியாகும்வரை எடுத்துக்கொண்டே இருக்கிறாளா? எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் கடைசி எண்ணைச் சொல்கிறாளா, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. எந்தப் படியில் நிற்கிறாளோ அதற்கு அடுத்த படிதான் அவளுடைய கணக்கு இலக்கு. நாலைந்து நாள் பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பேசப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

இலக்கை எப்படி எழுதுவது

புளியங்கொட்டையில் அவள் மூன்று வரை சரியாக எடுத்துத் தருகிறாள், ஐந்தில் தடுமாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் இப்படி எழுதுவேன்:

“இன்றைய நிலை: 3 பொருள் வரை எண்ணித் தருகிறாள். அதற்கு மேல் போனால் நிறுத்தத் தெரியவில்லை. இலக்கு: அரையாண்டுத் தேர்வுக்குள், மதிய உணவு நேரத்தில் ஆசிரியர் 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லி ‘இத்தனை தட்டு எடுத்து வா’ என்றால், கூட யாரும் எண்ணிச் சொல்லாமல் சரியாக எடுத்து வருவாள். 5 முறை கேட்டால் 4 முறையாவது சரியாக இருக்க வேண்டும், தொடர்ந்து 2 வாரம். பயிற்சி தருபவர்: வகுப்பாசிரியர் தினமும், சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள், வீட்டில் அப்பா.”

எந்த இடத்தில், என்ன கேட்டால், அவள் என்ன செய்வாள், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை, எதற்குள், யார் கற்றுக்கொடுப்பது என்று எல்லாமே இதில் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க நான் சொல்வது ஒரே சோதனைதான். வகுப்பாசிரியர் லீவு போட்டு வேறொருவர் வந்தால், இந்த வரியை மட்டும் படித்துவிட்டு அன்றைக்கு அவள் செய்தாளா இல்லையா என்று அவரால் குறிக்க முடிய வேண்டும். “கணக்கில் முன்னேற்றம் காண்பாள்” என்பதை வைத்துக்கொண்டு யாரால் எதைக் குறிக்க முடியும்?

உதவியின் அளவு என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செகந்திராபாதில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. என்ற மதிப்பீட்டுப் பட்டியல் சிறப்பாசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு செயலைக் குழந்தை தானாகச் செய்கிறதா, குறிப்பு காட்டினால் செய்கிறதா, வாயால் சொன்னால் செய்கிறதா, செய்து காட்டினால் செய்கிறதா, கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டியிருக்கிறதா என்று தனித்தனியாகக் குறிக்க இடம் உண்டு. கையைப் பிடித்துச் செய்ய வைத்த நிலையிலிருந்து, வாயால் சொன்னால் போதும் என்ற நிலைக்கு வருவது பெரிய முன்னேற்றம். உதவியைக் குறிக்காத தாளில் அது “இன்னும் செய்யவில்லை” என்றுதான் பதிவாகும். நம் சென்னையிலேயே 1975இல் உருவான எம்.டி.பி.எஸ். பட்டியலும் இருக்கிறது: 18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள், எல்லாமே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. உங்கள் மகளுக்கு எந்தப் பட்டியலை வைத்து மதிப்பீடு செய்தார்கள், அதைப் பார்க்கலாமா என்று சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். செய்திருந்தால் காட்டுவார். செய்யவில்லை என்றால், இலக்குக்கு முன் அதைச் செய்துவிடலாம் என்று அவரே சொல்ல வாய்ப்பிருக்கிறது.

80 சதவீதம் பற்றி

26 இலக்குக்கும் 80 சதவீதம் போட்டிருக்கிறீர்கள். சொற்களைப் பார்த்து வாசிப்பது போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் உங்கள் பட்டியலில் 19ஆவது இலக்கு, “சாலையைக் கடப்பாள், 80 சதவீதம் சரியாக.” ஐந்து முறை கடந்தால் ஒரு முறை தவறாகக் கடக்கலாம் என்று இதற்கு அர்த்தம் வந்துவிடும். சாலை, அடுப்பு, மாத்திரை, அந்நியரோடு போகாமல் இருப்பது போன்றவற்றில் ஒவ்வொரு முறையும் சரியாக இருக்க வேண்டும். அதுவரை பக்கத்தில் பெரியவர் இருந்தே ஆக வேண்டும். எந்த அளவுகோல் என்பதை ஒவ்வொரு இலக்குக்கும் தனியாக யோசித்துத்தான் போட வேண்டும்.

“அமைதியாக உட்காருவாள்”

பள்ளித் தாளில் என்னை அதிகம் வருத்தப்படுத்தியது இந்த வரிதான். இதில் குழந்தை கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. அவள் எப்போது எழுந்து போகிறாள் என்று யாராவது குறித்திருக்கிறார்களா? கணக்கு வகுப்பில்தான் ஜன்னல் பக்கம் போகிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தமிழ் பாட்டு நேரத்தில் போவதில்லையாம். அப்படியானால் அவளுக்கு உட்காரத் தெரியாமல் இல்லை. புரியாத இடத்திலிருந்து எழுந்து போகிறாள். “புரியல” என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எனவே அந்த இடத்தில் எழுத வேண்டிய இலக்கு: “செய்யத் தெரியாத வேலை வந்தால், மேசையில் உள்ள சிவப்பு அட்டையை எடுத்து ஆசிரியரிடம் காட்டுவாள், அல்லது ‘மிஸ், வாங்க’ என்று கூப்பிடுவாள்.” கூடவே, அவள் அட்டையைக் காட்டினால் ஆசிரியர் உடனே வருவார் என்பதையும் எழுத வேண்டும். வராவிட்டால் அட்டை இரண்டே நாளில் குப்பைக்குப் போய்விடும். அவளுடைய அளவுக்கு ஏற்ற கணக்கு கையில் இருந்தால் எழுந்து போவது பெரும்பாலும் தானாகவே குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று

“தன் வேலைகளைத் தானே செய்துகொள்வாள்” என்ற வரியைப் படித்தபோது, கழிப்பறையிலிருந்து உள்ளாடையைச் சரியாக ஏற்றாமலேயே வெளியே வருகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. உங்கள் 26 இலக்குகளில் இது இல்லை. கூச்சத்தால் விட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் நான் எழுதினால் இதைத்தான் முதலில் எழுதுவேன். அவளுக்கு 9 வயது. இன்னும் சில வருடங்களில் வயதுக்கு வருவாள். அதற்குள் கதவைத் தாழிடவும், உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வரவும், கை கழுவவும் பழகியிருந்தால், அப்போது நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுப்பது பாதி வேலையாகிவிடும். உடை மாற்றும்போது யார் உதவலாம், யார் தொடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுப்பது நல்ல பலன் தரும். உள்ளாடையை இடுப்புவரை நீங்களே ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளிடம் விடுங்கள். அது பழகியதும் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது அவளாகவே இருக்கும், அதனால் அழுகையும் அடமும் குறையும். பள்ளியில் ஆயாம்மாவோ ஆசிரியையோ இதே முறையில் செய்ய வேண்டும். வீட்டில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம் என்றால் குழந்தை குழம்பிப்போகும்.

சின்ன இலக்கு வைத்தால் கைவிட்டதாகுமா?

ஆகாது. உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. “இவளுக்கு இதுவே போதும்” என்று சொல்லிச் சொல்லியே குழந்தைகளை மூலையில் உட்கார வைக்கும் வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தட்டு எண்ணத் தெரியாத குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தலை இலக்காக வைத்தால், அவளை அதே மூலையில்தான் கொண்டுபோய் விடும். ஒரு பருவத்துக்கு நான்கு அல்லது ஐந்து இலக்குகள் போதும். 26 இலக்கை 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியராலும் தினமும் நினைவில் வைக்க முடியாது. எது அவளுடைய ஒரு நாளை மாற்றுமோ அதை முதலில் எடுங்கள். எண்ணித் தருவது, உதவி கேட்பது, கழிப்பறை, வாசிப்பில் ஒன்று. மற்றவை அடுத்த பருவத்துக்கு இருக்கட்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஐ.இ.பி.யில் எழுதாத பாடத்தை அவளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. வகுப்பில் நடக்கும் எல்லாப் பாடத்திலும் அவள் இருக்க வேண்டும். ஐ.இ.பி. என்பது, அதற்கு மேல் அவளுக்காகத் தனியாக என்ன செய்யப் போகிறோம் என்பதன் பட்டியல். வகுப்பு கழித்தல் போடும்போது அவள் பத்துக்குள் பொருள்களை வைத்து “ஏழிலிருந்து இரண்டை எடு” என்று செய்யலாம். ஒரே பாடம்தான், அளவு மட்டும் வேறு. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நம் ஆசிரியர்களுக்குப் பழகிய வழிதான். அந்தச் சொற்களிலேயே பேசிப் பாருங்கள், காது கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், சின்ன இலக்கு வைத்தால் ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்ற கவலையும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

உங்கள் நாத்தனார் சொன்னது அமெரிக்க நிலவரம். அங்கே 1975இல் வந்த சட்டத்திலிருந்தே ஐ.இ.பி.க்குச் சட்ட மதிப்பு உண்டு. அதில் என்னென்ன இருக்க வேண்டும், பெற்றோர் எப்படிப் பங்கெடுக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கேயும் ஓர் இலக்கு நிறைவேறவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி தோற்றுவிடாது. குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும் வகையில் திட்டம் நியாயமாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்.

இங்கே நமக்கு இருப்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது ஐ.இ.பி. என்ற பெயரில் ஓர் ஆவணத்தை வகுத்துச் சொல்லவில்லை. அதனால் அந்தத் தாளை ஒப்பந்தமாக நினைத்து வழக்குப் போடும் வழி உங்களுக்கு உதவாது. ஆனால் வெறுங்கையோடும் நீங்கள் இல்லை. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் 16ஆவது பிரிவு சில கடமைகளைச் சொல்கிறது: பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும், தேவையான ஆதரவைத் தனிப்பட்ட முறையிலோ வேறு வகையிலோ தர வேண்டும், ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும். அளக்க முடியாத இலக்கை வைத்துக்கொண்டு முன்னேற்றத்தைக் கண்காணிக்க முடியாது. நீங்கள் பேச வேண்டியது இந்த இடத்திலிருந்துதான்.

சிறப்புப் பள்ளி விஷயத்தில் 31ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. எது என்பது உங்கள் தரப்பின் விருப்பம். தலைமையாசிரியை ஆலோசனை சொல்லலாம், அனுப்பி வைக்க முடியாது. நல்ல சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, சில குழந்தைகளுக்கு அதுவே பொருந்துகிறது. நாளைக்கு நீங்களே அந்த முடிவுக்கு வந்தாலும் தவறில்லை. ஆனால் இங்கே ஒழுங்காக ஒரு திட்டம் போட்டுப் பார்க்காமலே அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

ஒன்றை அந்தத் தலைமையாசிரியையின் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டும். சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல ஊர்களில் நிலைமை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. “இங்கே நடக்காது” என்று அவர் சொன்னது அலட்சியமாகவும் இருக்கலாம், ஆள் இல்லாத தவிப்பாகவும் இருக்கலாம். 26 இலக்கைப் பார்த்து மிரண்டவர் 4 இலக்கைப் பார்த்து வேறு விதமாகப் பேசக்கூடும்.

ஆகவே புகாரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மகளோடு தினமும் ஐந்து மணி நேரம் இருக்கப்போவது வகுப்பாசிரியர். அவர் மனசு விட்டுப்போனால் எந்த ஆணையாலும் அதை ஈடுசெய்ய முடியாது. சிறப்பாசிரியர் வரும் நாளில், வகுப்பாசிரியரும் இருக்கும்படி அரை மணி நேரம் கேளுங்கள். எழுதிக் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பேசியும் எதுவும் நகரவில்லை என்றால் வட்டார வள மையம், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் என்று வரிசையாகப் போகலாம். கடைசியாக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அந்த உரிமை எங்கேயும் போய்விடாது.

கணவர் சொல்வதில் பாதி சரி. கற்றுக்கொடுக்கும் முறை ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் தட்டை எப்படி அள்ளிக்கொண்டு வருகிறாள் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். அவரிடம் வாதம் செய்வதைவிட, புளியங்கொட்டைக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து ஒரு மாலை மகளோடு உட்காரச் சொல்லுங்கள். அதன் பிறகு கூட்டத்துக்கு அவரும் வருவார் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் இலக்குகள் திருத்தி எழுதப்பட்டால் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்குங்கள், அடுத்து எப்போது பார்க்கப் போகிறோம் என்ற தேதியையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. பழைய தாளிலேயே கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்தினால், “தாளைப் பெற்றுக்கொண்டேன். இன்றைய நிலையும் அளவிடும் முறையும் சேர்க்கக் கோருகிறேன்” என்று எழுதி அதன் கீழே போடுங்கள். மூன்று மாதத்தில் ஓர் இலக்கு அசையவே இல்லை என்றால், படி பெரிதாக இருக்கிறதா, பயிற்சி தினமும் நடந்ததா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

வாசிப்பு இலக்குக்கு மட்டும் நான் மாதிரி தரவில்லை. எந்தெந்த எழுத்துகளை அடையாளம் காண்கிறாள், தன் பெயரைப் பார்த்தால் தெரிகிறதா, பஸ்ஸின் ஊர்ப் பெயர், பிஸ்கட் பாக்கெட் போன்ற எதையாவது பார்த்துச் சொல்கிறாளா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் இரண்டு வாரம் கவனித்து எழுதி அனுப்புங்கள்.